சட்டம் வரைந்த வான்பாதைகள்

விமானப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1903 ஆம் ஆண்டில் றைற் சகோதரர்கள் பறந்தமையிலே தொடங்கி, கடல் விமானங்கள், தாரை விமானங்கள், நானூறு பேரைச் சுமக்கும் பேருருவ விமானங்கள் என்று அது படிப்படியாக வளர்ந்து செல்லும். இவ்வரலாற்றிலே சட்டத்துக்குக் கிடைக்கும் இடம் ஓர் அடிக்குறிப்பளவே. ஆனால் ஏதேனுமொரு விமானக் கம்பனியின் பாதைப் படத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, இக்கோடு ஏன் இங்கே வளைகிறது, இந்நகரில் ஏன் இவ்வளவு பெரிய நிலையம், அந்நகரில் ஏன் ஒன்றுமில்லை என்று வினவத் தொடங்கினால், இயந்திரவியலாளர் தரும் விடைகள் வெகு விரைவிலே தீர்ந்துவிடும். எஞ்சிய வினாக்களுக்கு விடை ஒப்பந்தங்களின் வாசகங்களிலேதான் கிடைக்கும். விமானப் பாதை அடிப்படையில் ஓர் அநுமதி. விமான நிலையம் அவ்வநுமதியை நம்பிக் கட்டப்படும் கட்டடம். அநுமதியின் வாசகத்தை ஊன்றிப் படித்தோர் யார், அதனை நிலையானதென நம்பி ஏமாந்தோர் யார் என்பதே இத்துறையின் வெற்றி தோல்விகளிற் பெரும் பகுதியை விளக்கவல்லது. சில வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை நோக்குவோம்.

வான்வெளி யாருக்குரியது என்ற வினா முதலிலே சட்ட அறிஞரின் ஏட்டு விவாதமாகவே இருந்தது. கடலைப் போன்று வானும் பொதுவானது என்ற கருத்தைப் பிரான்சிய அறிஞர் போல் ஃபோஷீல் 1901 ஆம் ஆண்டிலே முன்வைத்தார். நிலத்தை உடையவனுக்கே அதன் மேலுள்ள வானும் உரியது என்ற பழைய கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டோரும் பலர் இருந்தனர். 1910 இல் பாரிசிலே கூடிய மாநாடு இவ்விரண்டுக்குமிடையே முடிவு காணாமலே கலைந்தது. முடிவைத் தந்தது முதலாம் உலக யுத்தம். தலைக்கு மேலே பறந்து வந்து குண்டு வீசக்கூடிய பொருளைக் கண்ட பின்னர் எந்த அரசும் வானைப் பொதுச் சொத்தாக விட்டுவைக்க ஆயத்தமாக இருக்கவில்லை. 1919 ஒக்ரோபர் 13 ஆம் நாள் பாரிசிலே கைச்சாத்திடப்பட்ட சமவாயத்தின் முதலாம் உறுப்புரை, ஒவ்வோர் அரசும் தன் ஆள்புலத்தின் மேலுள்ள வான்வெளியிலே முழுமையானதும் தனித்ததுமான இறைமை உடையது என்று விதித்தது. கப்பல் ஒன்று துறைமுகத்தை அணுகும் வரை எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. விமானமோ வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டினதும் உத்தரவைப் பெற்றே செல்லவேண்டியதாயிற்று. வாணிப நோக்கில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இதன் விளைவை முதன்முதலாக நன்கு உணர்ந்தது பிரித்தானியாவின் இம்பீரியல் எயர்வேஸ் எனலாம். 1924 இல் நிறுவப்பட்ட இக்கம்பனிக்குப் பேரரசின் பகுதிகளை வான்வழியால் இணைக்கும் பணி விதிக்கப்பட்டிருந்தது. இலண்டனிலிருந்து கராச்சி வரையான சேவை 1929 மார்ச் 30 ஆம் நாள் தொடங்கியது. ஆனால் இவ் ‘வான்’ சேவையின் பிரயாணி பாசல் நகரிலே விமானத்தை விட்டிறங்கிப் புகைவண்டியில் ஏறி ஜெனோவா வரை சென்று, அங்கிருந்து கடல் விமானத்திற் புறப்பட வேண்டியிருந்தது. அல்ப்ஸ் மலைமீது பறத்தலிலிருந்த இடர்ப்பாட்டோடு, வான் எல்லையைக் கடப்பதற்கான அநுமதியில் இத்தாலி காட்டிய பிடிவாதமும் இதற்குக் காரணமாகும். சூரியன் மறையாப் பேரரசின் தூதுவர்களும் அதிகாரிகளும் புகைவண்டியிலே பொதிகளுடன் அமர்ந்திருந்த காட்சி, இறைமை என்னும் சொல்லின் பொருளைப் பாடநூல்களிலும் பார்க்கத் தெளிவாகக் காட்டியிருக்கும்.

கிழக்கே இன்னும் பெரிய தடை காத்திருந்தது. ஈராக்கிலிருந்து கராச்சிக்குச் செல்ல இயல்பான வழி பாரசீகக் கரையோரமாகவே அமைந்தது. ரேசா ஷாவின் அரசு பிரித்தானியாவின் செல்வாக்கைக் குறைப்பதிலே கண்ணாயிருந்த காலம் அது. நீண்ட பேச்சுவார்த்தையின் பின்னர் குறுகிய காலத்துக்கு மட்டுமே கரையோரப் பாதைக்கு இணங்கிய அவ்வரசு, பின்னர் மலைகள் நிறைந்த உள்நாட்டுப் பாதையாற் செல்லுமாறு பணித்தது. அக்கால விமானங்களுக்கு அது உகந்ததாயில்லை. எனவே 1932 இல் முழுப் பாதையும் வளைகுடாவின் எதிர்க்கரைக்குத் தூக்கி வைக்கப்பட்டது. குவைத், பஹ்ரெயின், ஷார்ஜா என்பன விமானப் பாதைப் படத்தில் இடம்பெற்ற வரலாறு இதுவே. 1932 யூலையில் ஷார்ஜாவின் ஷேக்குடன் உடன்பாடு செய்யப்பட்டது; ஒக்ரோபரிலே முதல் விமானம் வந்திறங்கியது. இரவில் தங்கும் பிரயாணிகளுக்கெனக் கோட்டை போன்ற மதில்களுடன் ஓய்விடம் ஒன்று பாலைநிலத்திலே எழுந்தது. 1937 இல் துபாய்க் கழியிலே கடல் விமானங்கள் இறங்குவதற்கான உடன்பாடும் ஏற்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கத் தவறலாகாது. பாரசீகம் மறுக்கமுடிந்தது, அது சுதந்திர அரசாக இருந்தமையால். ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஏற்கெனவே பிரித்தானியாவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கைகளாற் கட்டுண்டவர். அவருடைய குடிகளிற் பலர் இவ்வேற்பாட்டை விரும்பவில்லை. ஆயினும் பாரசீக அரசிடமிருந்த பேரம்பேசும் வலிமை அவரிடம் இருக்கவில்லை. சட்டத்தின் முன் வான்வெளிகள் யாவும் சமம் என்பது ஏட்டளவிலேயே இருந்தது. இன்று உலகின் பெரும் விமானச் சந்திகளுள் ஒன்றாக விளங்கும் அக்கரையின் தொடக்கத்தை அதன் புவியியல் நன்மை ஒன்றினால் மட்டும் விளக்குவோர், எதிர்க்கரையின் மறுப்பை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முன்னரே அடுத்த பெரும் விவாதம் தொடங்கிவிட்டது. ரூசுவெல்ற் விடுத்த அழைப்பின்படி 1944 நவம்பர் 1 ஆம் நாள் சிக்காகோவிலே கூடிய மாநாட்டில் 52 நாடுகள் பங்குபற்றின. சோவியத் ஒன்றியம் இறுதி நேரத்திலே ஒதுங்கிக்கொண்டது. அதன் பிரதிநிதிகள் பாதி வழியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். இம்முடிவின் நிழல் எவ்வளவு நீண்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாநாட்டின் மையத்தில் இரு நாடுகளின் பிணக்கே நின்றது. யுத்த காலத் தொழிற் பங்கீட்டின்படி அமெரிக்கா போக்குவரத்து விமானங்களைப் பெருந்தொகையாகக் கட்டியது. பிரித்தானியா போர் விமானங்களிலேயே கருத்தூன்றியிருந்தது. ஆகவே யுத்தம் முடிந்ததும் வானத்தை நிரப்பக்கூடிய விமானங்கள் அமெரிக்காவிடமே இருந்தன. ஆனால் அவை இறங்குவதற்கு வேண்டிய தளங்கள் உலகெங்கும் பிரித்தானியக் கொடியின் கீழ்க் கிடந்தன. அமெரிக்கப் பிரதிநிதி அடொல்ஃப் பேர்ள் திறந்த வானத்தைக் கேட்டார். பிரித்தானியாவின் சுவின்ரன் பிரபு, எத்தனை சேவைகள் நடத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் சர்வதேச அதிகாரசபையைக் கேட்டார். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒருபடி மேலே சென்று, உலகின் பெரும் பாதைகளை யாவருக்கும் பொதுவான ஓர் உலக நிறுவனமே உடைமை கொண்டு நடத்தவேண்டும் என்று முன்மொழிந்தன. இம்முன்மொழிவை எவரும் நெடுநேரம் ஆராயவில்லை என்பது வருந்தத்தக்கது. வேறெந்தத் திட்டமும் சிறு நாடுகளுக்கு அத்துணை நியாயமான பங்கை அளித்திருக்குமா என்பது ஐயமே. பேச்சுவார்த்தை இழுபட்டபோது ரூசுவெல்ற் நேராகவே சேர்ச்சிலுக்குத் தந்தியனுப்பி, கடன்-குத்தகை உதவிகள் பற்றிக் காங்கிரஸ் எத்தகைய மனநிலை கொள்ளக்கூடும் என்பதைக் குறிப்பால் உணர்த்தினார். அப்போதும் பிணக்குத் தீரவில்லை.

டிசம்பர் 7 ஆம் நாள் கைச்சாத்தான சமவாயம், பாதுகாப்பு, பதிவு, விமானிகளின் தகைமை, சுங்கம் முதலிய விடயங்களில் வியக்கத்தக்க ஒற்றுமையை உருவாக்கியது. அதன் இணைப்புகளே இன்றும் ஓடுபாதையின் அகலம் முதல் விளக்குகளின் நிறம் வரை தீர்மானிக்கின்றன. விமான நிலையங்கள் பற்றிய 14 ஆம் இணைப்பு 1951 இலும், விமான இரைச்சல் பற்றிய 16 ஆம் இணைப்பு 1971 இலும் ஏற்கப்பட்டன. ஆனால் வாணிபத்தைப் பற்றி, அதாவது யார் எங்கே யாரை ஏற்றலாம் என்பதைப் பற்றி, சமவாயம் வாய்திறக்கவில்லை. அதன் 6 ஆம் உறுப்புரை, அட்டவணைப்படி நடைபெறும் சர்வதேசச் சேவை எதுவும் உரிய நாட்டின் விசேட அநுமதியின்றி நடத்தப்படலாகாது என்று கூறியதோடு நின்றுவிட்டது. இறங்காமற் கடந்து செல்லவும், எண்ணெய் நிரப்புதல் போன்ற தேவைகளுக்காக மட்டும் இறங்கவும் உரிமையளிக்கும் தனி உடன்பாடு ஒன்று பலராலும் ஏற்கப்பட்டது. பிரயாணிகளை ஏற்றியிறக்கும் உரிமைகளையும் சேர்த்து ஐந்து சுதந்திரங்களையும் ஒருங்கே அளிக்க முயன்ற மற்றோர் உடன்பாட்டிலிருந்து அமெரிக்காவே 1946 இல் விலகிக்கொண்டது. இலங்கை, சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே சிக்காகோ சமவாயத்திற் சேர்ந்தது. புதிதாகத் தோன்றிய சிறிய அரசு ஒன்றின் கையிலே, தன் வான்வெளிக்கு அநுமதி வழங்கவும் மறுக்கவுமான அதிகாரம் ஒரு சொத்தாகவே வந்து சேர்ந்தது என்பதை இவ்விடத்து நினைத்துப் பார்க்கலாம்.

சிக்காகோவிலே விடுபட்டதைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் பேர்மியூடாத் தீவிலே 1946 பெப்ரவரி 11 ஆம் நாள் தமக்குள்ளே தீர்த்துக்கொண்டன. கொள்ளளவை முன்கூட்டியே பங்கிடுவதில்லை என அமெரிக்காவின் விருப்பம் ஏற்கப்பட்டது. கட்டணங்களைத் திறந்த போட்டிக்கு விடுவதில்லை எனப் பிரித்தானியாவின் விருப்பம் ஏற்கப்பட்டது. கட்டணங்களைத் தீர்மானிக்கும் பொறுப்பு 1945 இல் ஹவானாவிலே உருவான சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்திடம், அரசுகளின் ஒப்புதலுக்கு உட்பட்டு, ஒப்படைக்கப்பட்டது. இவ்வொப்பந்தத்தைப் பார்த்தே உலகின் ஏனைய நாடுகளும் இருவர் இருவராக அமர்ந்து எழுதத் தொடங்கின.

கட்டணம் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்றால் போட்டி வேறிடத்திலே தலைகாட்டும். 1958 இல் சிக்கனக் கட்டணப் பிரயாணிகளுக்குச் ‘சான்ட்விச்’ மட்டுமே வழங்கலாம் என்று விதிக்கப்பட்டபோது, ஐரோப்பியக் கம்பனிகள் சில இறைச்சியும் பாற்கட்டியும் குவித்த ‘சான்ட்விச்’சுகளை வழங்கின. இது விதியை மீறியதென அமெரிக்கக் கம்பனியான பான் அமெரிக்கன் முறையிட்டது. இரு துண்டுப் பாணுக்கிடையே எவ்வளவு வைக்கலாம் என்று உலக விமானத்துறையின் பெரியோர் கூடி ஆராய்ந்தனர்! ஆனால் மிக நுட்பமான விடையைக் கண்டறிந்தது ஐஸ்லாந்தின் லொப்ட்லைடிர் என்னும் சிறு கம்பனி. அது அச்சங்கத்திற் சேரவில்லை. 1945 இல் தன் நாடு அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் துணையாகக் கொண்டு, ஐரோப்பாவிலிருந்து வருவோரை றேக்யவீக்கில் இறக்கியேற்றிக் குறைந்த கட்டணத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. அத்திலாந்திக்கைக் கடந்த ஏழை மாணவர் தலைமுறை ஒன்று இக்கம்பனியை நன்றியுடன் நினைவுகூர்ந்தது. அதனிடமிருந்த விமானங்கள் பழையவை. மற்றவர்களிடம் இல்லாதது அவ்வொப்பந்தம் ஒன்றே.

இதே 1945 ஆம் ஆண்டிலே அயர்லாந்தும் அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்குமிடையே பறக்கும் விமானங்கள் மேற்குக் கரையிலுள்ள ஷனொன் நிலையத்தில் இறங்கிச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அன்று இதனை எவரும் சுமையாகக் கருதவில்லை. அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் எப்படியும் அங்கே எண்ணெய் நிரப்பவேண்டியிருந்தது. இறங்குவோர் காத்திருக்கும் நேரத்தைப் பொருளாக்கும் வழியையும் அயர்லாந்து கண்டுபிடித்தது: 1947 இல் இயற்றப்பட்ட சுங்க விலக்கு விமான நிலையச் சட்டத்தின் கீழ், பிரெண்டன் ஒறீகன் என்பாரின் முயற்சியால், உலகின் முதலாவது தீர்வையற்ற விமான நிலையக் கடை அங்கே தோன்றியது. இன்று எந்நாட்டு விமான நிலையத்தின் வரவுசெலவுக் கணக்கிலும் முக்கிய இடம்பெறும் அக்கடைகளின் மூலம், ஒரு நிலத்துண்டைச் சுங்கத்தின் கண்ணில் ‘வெளிநாடு’ ஆக்கிய சட்ட வாசகமே.

1958 இல் தாரை விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியதும் ஷனொனில் இறங்குவதற்கான இயற்கைக் காரணம் மறையத் தொடங்கியது. சட்டக் காரணம் மட்டும் எஞ்சியது. அயர்லாந்து அதனை இறுகப் பற்றிக்கொண்டது. 1959 இல் நிலையத்தை அடுத்துத் தீர்வையற்ற கைத்தொழில் வலயம் உருவாகியது. பின்னர் ஒரு புதிய நகரமே எழுந்தது. டப்ளினிலிருந்து நியூயோர்க் செல்லும் விமானம், புறப்பட்ட சிறிது நேரத்திலே ஷனொனில் இறங்கி மீண்டும் எழும் வழக்கம் பல்லாண்டுகள் தொடர்ந்தது. விமானக் கம்பனிகளின் நோக்கில் இது வீண் செலவு. மேற்கு அயர்லாந்தின் தொழிலாளர் நோக்கில் இது வாழ்வு. இவ்விதியைப் பொருளாதார மடமை என்று கேலி செய்தோர் டப்ளினிலே பலர். ஆனால் விமான நிலையம் ஒன்று தான் நிற்கும் பிரதேசத்துக்குச் செய்யக்கூடிய பணியை அது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தது என்பதை மறுக்கவியலாது. 1993 இல் விதி தளர்த்தப்பட்டது. 2008 இல் முற்றாக மறைந்தது.

அதற்குச் சற்று முன்னர் ஷனொன் மக்கள் மற்றொரு பாடத்தையும் கற்றனர். 2006 இல் ஏர் லிங்கஸ் கம்பனி தனியாருக்கு விற்கப்பட்டது. அரசு ஏறத்தாழ நாலிலொரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. 2007 இல் அக்கம்பனி, ஷனொனுக்கும் இலண்டன் ஹீத்ரோவுக்குமிடையிலான சேவையை நிறுத்தி, அச்சேவைக்குப் பயன்பட்ட ஹீத்ரோ நேர ஒதுக்கீடுகளைப் பெல்பாஸ்ற் சேவைக்கு மாற்றியது. எதிர்ப்பு மிகக் கடுமையாக எழுந்தும் அரசு தடுக்கவில்லை. ஹீத்ரோவிலே இறங்கவும் எழவும் ஒதுக்கப்பட்ட நேரம் ஷனொனுக்கோ அயர்லாந்துக்கோ உரியதன்று, அது கம்பனிக்குரியது. இந்த ‘நேரம்’ எவ்வாறு உடைமையாயிற்று என்பதை அறிய ஹீத்ரோவின் வரலாற்றை நோக்க வேண்டும்.

பேர்மியூடா ஒப்பந்தத்தாற் பெரும் பயன் பெறுவது அமெரிக்கக் கம்பனிகளே என்று கருதிய பிரித்தானியா 1976 இல் அதனை முறித்துக்கொள்ள அறிவித்தல் கொடுத்தது. ஓராண்டுப் பேரத்தின் பின்னர் 1977 இல் இரண்டாவது பேர்மியூடா ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. பெரும்பாலான பாதைகளிலே நாட்டுக்கு ஒரு கம்பனியென்றும், இலண்டனிலிருந்து நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இரண்டிடங்களுக்கு மட்டும் நாட்டுக்கு இரு கம்பனிகளென்றும் அது வகுத்தது. இதன்கீழ் ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்கும் அமெரிக்கக் கம்பனிகள் பான் அமெரிக்கனும் ரி.டபிள்யூ.ஏ.யுமே என்றாயிற்று. புதிதாக வருவோர் கற்விக் நிலையத்துக்குச் செல்லவேண்டியதாயிற்று. கற்விக் அத்திலாந்திக் நிலையமாக வளர்ந்தமை பிரயாணிகளின் விருப்பத்தினால் நிகழ்ந்ததன்று. டெல்ரா முதலிய கம்பனிகள் அங்கே சென்றன. 1984 இல் வேர்ஜின் அத்திலாந்திக்கும் அங்கிருந்தே பறக்கத் தொடங்கியது.

பான் அமெரிக்கனும் ரி.டபிள்யூ.ஏ.யும் நலிவுற்றபோது அவற்றின் விமானங்களையும் கட்டடங்களையும் பார்க்க மதிப்புமிக்க பொருளாகக் கருதப்பட்டது இந்த ஹீத்ரோ உரிமையே. 1991 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ், ரி.டபிள்யூ.ஏ.யின் இலண்டன் பாதைகளுக்காக 445 மில்லியன் டொலர் கொடுத்தது. பான் அமெரிக்கனின் இடத்தை யுனைற்றெட் வாங்கியது. ஆனால் ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அளித்த அநுமதியை ஒரு கம்பனி இன்னொன்றுக்கு விற்றுவிட முடியுமா? பிரித்தானியா இலகுவில் ஒப்பவில்லை. ஈற்றில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அதற்கு ஈடாகப் பிரித்தானியக் கம்பனிகளுக்குப் புதிய உரிமைகள் கிடைத்தன. அவ்வாண்டிலேயே வேர்ஜினும் ஹீத்ரோவினுள்ளே நுழைந்தது. எனினும் நான்கு கம்பனிகளைத் தவிர வேறெவருக்கும் அந்தக் கதவு மேலும் 17 ஆண்டுகள் திறக்கவில்லை.

கதவைத் திறந்தது ஐரோப்பிய நீதிமன்றம். தம் நாட்டவரின் உடைமையான கம்பனிக்கே உரிமை என்று உறுப்பு நாடுகள் தனித்தனியே அமெரிக்காவுடன் செய்துகொண்ட விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என 2002 நவம்பர் 5 ஆம் நாள் அது தீர்ப்பளித்தது. அதன் விளைவாக உருவான ஐரோப்பிய-அமெரிக்க ஒப்பந்தம் 2008 மார்ச் 30 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கற்விக்கிலிருந்த அமெரிக்கக் கம்பனிகள் சில ஆண்டுகளுள் வெளியேறின. ஆனால் ஒப்பந்தம் திறந்த கதவின் பின்னே மற்றொரு கதவு இருந்தது. ஹீத்ரோவின் இரு ஓடுபாதைகளும் நிறைந்திருந்தன. ஐந்தாம் முனையத்துக்கு 2001 இல் வழங்கப்பட்ட கட்டட அநுமதி, ஆண்டுக்கு 480,000 பறப்புகள் என்ற உச்சவரம்பையும் விதித்திருந்தது. 1993 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி, ஒதுக்கப்பட்ட நேரத்தில் எண்பது வீதத்தைப் பயன்படுத்திய கம்பனி அதனை அடுத்த பருவத்திலும் வைத்துக்கொள்ளலாம். இந்நேரங்களைப் பணம் பெற்றுக் கைமாற்றலாம் என்பதை 1999 இல் இங்கிலாந்து நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆகவே 2008 இல் ஹீத்ரோவுக்கு வர விரும்பிய கொன்ரினென்ரல், நான்கு சோடி நேரங்களுக்காக 209 மில்லியன் டொலர் செலுத்தியது. அரசுகளிடையிலான ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த விலை, நிலையத்தின் கடிகாரத்துக்கு இடம்பெயர்ந்தது என்றே கூறலாம். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவி ஆசனங்கள் வெறுமையானபோதும் சில கம்பனிகள் இந்த எண்பது வீதத்தைக் காப்பதற்காகவே பறந்தன. விதி இடைநிறுத்தப்பட்ட பின்னரே அக்கூத்து ஓய்ந்தது.

உடைமை பற்றிய விதி இன்னும் பாரதூரமான விளைவுகளைத் தந்துள்ளது. ஏறத்தாழ ஒவ்வோர் ஒப்பந்தமும், உரிமை பெறும் கம்பனியின் பெரும்பான்மை உடைமையும் உண்மைக் கட்டுப்பாடும் அக்கம்பனியை நியமிக்கும் நாட்டவரிடமே இருக்கவேண்டும் என்று கோருகின்றது. ஏனைய தொழில்களில் வெளிநாட்டுக் கம்பனியை முழுமையாக வாங்கி இணைத்துவிடலாம். விமானத்துறையில் வாங்கினால், வாங்கியதன் உயிரான உரிமைகளே பறிபோகக்கூடும். 1992 டிசம்பரில் சுவிற்சர்லாந்து மக்கள் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திற் சேர மறுத்து வாக்களித்தனர். அதனால் அந்நாட்டின் சுவிஸ்எயர், ஐரோப்பியச் சந்தைக்கு வெளியே நின்றது. உள்ளே நுழைய அது தேர்ந்த வழி, அங்குள்ள கம்பனிகளிற் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்குகளை வாங்குவது. பெல்ஜியத்தின் சபேனாவில் 1995 இல் 49.5 வீதம் வாங்கியது. தொடர்ந்து ஜேர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளிலும் வாங்கியது. நட்டத்தைச் சுமக்கும் கடமை முழுமையாக வந்தது. நிருவகிக்கும் அதிகாரம் முழுமையாக வரவில்லை. வாங்கப்பட்டவை பெரும்பாலும் நோயுற்ற கம்பனிகள் என்பதும், நிருவாகத்தினரின் அளவுகடந்த துணிவும், 2001 செப்ரெம்பரின் அதிர்ச்சியும் சேர்ந்தே சுவிஸ்எயரை வீழ்த்தின. சட்டத்தின்மேல் முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையாகாது. ஆயினும் அத்திட்டத்தின் உருவத்தை வரைந்தது 49 வீத எல்லையே. 2001 ஒக்ரோபர் 2 ஆம் நாள் அதன் விமானங்கள் எழாமல் நின்றன. அடுத்த மாதம் சபேனாவும் மூடப்பட்டது.

1979 இல் நிறுவப்பட்ட எமது எயர் லங்காவின் பங்குகளை 1998 இல் எமிரேற்ஸ் வாங்கிய முறையையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். பெரும்பான்மை இலங்கை அரசிடமே இருக்க, சிறுபான்மைப் பங்கோடு பத்தாண்டு நிருவாகப் பொறுப்பையும் எமிரேற்ஸ் பெற்றது. சுவிஸ்எயர் பெறத் தவறிய நிருவாக அதிகாரத்தை எமிரேற்ஸ் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டது. 2008 இல் அவ்வேற்பாடு முடிவுற்றபோது, இலங்கையின் பெயரால் அமைந்த பாதை உரிமைகள் இலங்கைக் கம்பனியிடமே எஞ்சியிருந்தன.

முற்கூறிய சோவியத் விலகலுக்கு இப்போது திரும்புவோம். 1970 இல் சோவியத் ஒன்றியம் சிக்காகோ சமவாயத்திற் சேர்ந்தது. ஆனால் கடந்து செல்லும் உரிமையளிக்கும் தனி உடன்பாட்டில் அது சேரவில்லை. அதன் பின் வந்த ரஷ்யாவும் சேரவில்லை. ஐரோப்பாவுக்கும் யப்பானுக்குமிடையே மிகக் குறுகிய பாதை சைபீரியாவின் மேலாகவே செல்கின்றது. ஆகவே அவ்வழியைத் திறப்பதும் மூடுவதும் மொஸ்கோவின் விருப்பமாயிற்று. திறந்தபோதும் அதற்கு விலை அறவிடப்பட்டது. பின்லாந்தின் பின்எயர் 1983 இல் மேலதிக எண்ணெய்த் தொட்டிகளைப் பொருத்திய விமானத்தில், வடதுருவத்தின் மேலாக, சோவியத் வான்வெளியைத் தொடாமலே ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு இடைநில்லாது பறந்தது. சைபீரியப் பாதை பின்னர் இக்கம்பனிக்கும் திறந்தபோது, அதன் தலைவிதியே மாறியது. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையிலிருந்த சிறிய தலைநகரம், ஆசியாவுக்குச் செல்வோர் மாறியேறும் சந்தியாயிற்று. யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்கு விமானம் ஒரு நாளுக்குள் சென்று திரும்பும் வகையில் அட்டவணை வகுக்கப்பட்டது. ஹெல்சிங்கி நிலையமும் இதனை நம்பியே ஏறத்தாழ ஒரு பில்லியன் யூரோச் செலவில் விரிவாக்கப்பட்டது. அதன் புதிய புறப்பாட்டு மண்டபம் 2021 டிசம்பரிலே திறந்துவைக்கப்பட்டது.

மூன்று மாதங்கள் கழியவில்லை. உக்ரேன்மீது படையெடுப்பு நிகழ்ந்ததும், 2022 பெப்ரவரி 27 ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளுக்குத் தன் வான்வெளியை மூடியது. சீனக் கம்பனிகள் பழைய குறுக்கு வழியிலே தொடர்ந்து பறந்தன. ஒன்பது மணி நேரம் அளவிலிருந்த ஹெல்சிங்கி-தோக்கியோப் பயணம் பதின்மூன்று மணி நேரம் அளவுக்கு நீண்டது. ஒரு நாட் சுழற்சி குலைந்தது. பின்எயர் தன் விமானங்களிற் சிலவற்றைப் பிற கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, தெற்கிலும் மேற்கிலும் புதிய சேவைகளைத் தேடலாயிற்று. 2022 மார்ச்சில் அதன் தோக்கியோ விமானம் மீண்டும் வடதுருவ வழியைப் பிடித்தது. 1983 இல் வழங்கியது போலவே, துருவத்தைக் கடந்தமைக்கான சான்றிதழ் ஒன்று பிரயாணிகளுக்கு வழங்கப்பட்டது.